ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு காணிக்கைப் பாட்டு

பகலில் பள்ளிக்கூட ஆசிரியர், ஞாயிறென்றால் கீபோர்ட்காரன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் இருபது வருடமாக வாசிக்கிறேன். பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். போன் வந்து இசையைக் கெடுத்துவிட்டது என்று புலம்பும் வித்வான்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். போன் இல்லாவிட்டால் எனக்குக் குழுவே இல்லை. பாதிப்பேர் மேல்கணக்கு, மீதிப்பேர் கீழ்க்கணக்கு. தோட்டத்தின் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு மலை நிற்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களை ஒரே இடத்தில் கூட்டுவது நடக்கிற காரியமா? ஆகையால் பாட்டை நானே பாடிப் பதிந்து குரூப்பில் போட்டுவிடுவேன். அவரவர் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

போன வருடம் புது ஃபாதர் வந்தார். இளைஞர், நல்ல காது. எங்கள் பாட்டைக் கேட்ட முதல் ஞாயிறே முகம் சுளித்தார். இணையத்தில் எவ்வளவு அருமையான பதிவுகள் கிடைக்கின்றன என்றார்.

"கோயில் திருநாளுக்குப் பாடுங்க சேர், பாப்போம். சரிவரலன்னா நத்தார்ல இருந்து ஸ்பீக்கர்லயே போட்டுருவோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கிறிஸ்மஸோடு எங்கள் குழுவுக்கு மூடுவிழா என்றுதான் அதற்கு அர்த்தம்.

திருநாளுக்கென்று ஒரு காணிக்கைப் பாட்டுக்கு நானே மெட்டமைத்தேன். ஆற அமரப் பாட வேண்டிய பாட்டு. அனுப்பியதும் இரண்டு கணக்கிலிருந்தும் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. நம்பிவிட்டேன்.

திருநாள் பூசையில் காணிக்கை நேரம் வந்தது. மேல்கணக்குப் பெண்கள் நிதானமாகத் தொடங்கினார்கள். கீழ்க்கணக்குப் பெண்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் தொடங்கினார்கள். சுருதி பிசகவில்லை, சொல் பிசகவில்லை, வேகம்தான் தலைகால் தெரியாத வேகம். கண்ணை உருட்டினேன், தலையை ஆட்டினேன். யார் பார்த்தார்கள்? கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார்கள். பீடத்தில் ஃபாதரின் புருவம் ஏறியது. வேறு வழியில்லாமல் நானும் அவர்கள் வேகத்துக்கு மாறினேன். மேல்கணக்கும் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது. எங்கள் கோயிலில் காணிக்கை ஏந்தி வருகிறவர்கள் பாட்டுக்கு ஏற்பத்தான் அடி வைப்பார்கள். லீக்ஸ் கட்டும் கரட் கூடையுமாக இரண்டு கங்காணிமார் ஏறக்குறைய ஓட்டமாகவே பீடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பூசை முடிந்ததும் கீழ்க்கணக்குப் பெண்களிடம் பாய்ந்தேன். "என்னாங்க இது? யாரு உங்கள இப்புடிப் பாடச் சொன்னா?"

முன்வரிசையில் பாடிய அக்கா ஒருவர் திகைத்துப்போனார். "நீங்க அனுப்புன மாதிரிதானே சேர் பாடுனோம்? வேகமா வச்சுக் கேட்டோம்."

பதிவின் ஓரத்தில் ஓர் எண் இருக்கிறதே, அதைத் தொட்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். அதைத்தான் தொட்டிருக்கிறார்கள்.

"எதுக்குங்க?"

"கொழுந்து நிறுக்க மடுவத்துல வரிசையில நிக்கிறப்பதான் சேர் எங்களுக்கு நேரம். மெதுவா வச்சா ரெண்டு தரந்தான் ஓடும். வேகமா வச்சா மூணு தரம் கேட்டுரலாம். நல்லாப் பழகணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பின்னால் வந்து நின்ற ஃபாதரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த அக்காவிடம், "நத்தாருக்கு எத்தன பாட்டு பாடுவீங்க?" என்றார்.

வீட்டுக்குப் போய் என் பதிவை முதன்முறையாக முழுசாகக் கேட்டேன். பாட்டுக்கு முன்னால், மூச்சை எங்கே விட வேண்டும், வாயை எப்படித் திறக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் என் உபதேசம். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, கால்கடுக்க நின்று, அதையும் மூன்று மூன்று தரம் கேட்டிருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது. நத்தார்ப் பாட்டுகளை ஒரு வார்த்தை பேசாமல் பதிந்து அனுப்பினேன்.