மாமனாரின் ஸ்டெப்னி

ஒரு மொபெட் சாவி என் சட்டைப் பையில் நாற்பது நாள் இருந்தது. திருடியதல்ல, பறிமுதல் செய்தது. திருமலைப் பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற என் மாமனார், புத்தூர் வீட்டுப் படியில் இரண்டு முறை விழுந்ததும், இனி வண்டி கிடையாது என்று அறிவித்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தவன் நான். தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுகிற நான் எடுத்த முடிவு இது. அவர் சண்டை போடவில்லை; சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், பேச்சும் நின்றது. "எங்க நைனாவ பார்சல் மாதிரி மூலையில வச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

முதியோரின் தடுமாற்றத்தைத் திருப்பதியில் ஏதோ புது முறையில் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். "டாக்டரம்மா சரின்னா சாவி என் கைக்கு வந்துடணும், மாப்ளே" என்று வழியிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார். அங்கே இடுப்பில் பட்டை கட்டி, கண்ணை மறைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டினார்கள். நின்ற இடத்திலேயே நிற்போம். பெட்டிக்குள் சாலை ஓடும், படி இறங்கும். கண் எங்கே போகிறது, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்பதெல்லாம் திரையில் கோடாக வரும். சாலை வந்ததும் அவர் கண் அடிக்கடி வலது ஓரத்துக்குத் தாவியது. "தாத்தா, நேரா சூடண்டி" என்று நேரே பார்க்கச் சொன்னாள் சோதித்த பெண். "மிர்ரர் பாக்காம எப்டிம்மா? பின்னாடி லாரி வந்துகினு இருந்தா?"

படி வந்ததும் ஆடிவிட்டார். நான் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், வெற்றியோடு. டாக்டரம்மா அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. குனிந்தால் படி இடம் மாறித் தெரியுமாம். "வேற இருக்கா, பெரியவரே?" பையிலிருந்து, தூரத்துக்கு மட்டுமேயான, நூல் கட்டிய பழைய கண்ணாடி வந்தது. "ஸ்டெப்னி இல்லாம நான் வண்டியே எடுக்க மாட்டேம்மா." அதைப் போட்டு மறுபடி நின்றார். கோடு ஆடாமல் ஓடியது. "இதப் போட்டுட்டு வண்டி ஓட்டலாம்" என்றார் டாக்டரம்மா.

"இந்தப் புதுக் கண்ணாடி யார் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நான் கூரையில் மின்விசிறியை ஆராய்ந்தேன். "நல்ல மனசோடதாம்மா வாங்கிக் குடுத்தாங்க" என்றார் மாமனார், என் பக்கம் திரும்பாமல். அந்தப் பெருந்தன்மை தாங்காமல் நானும் பெட்டியை மாட்டிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே மேசையைக் கட்டிப்பிடித்தேன். "வாந்தி வந்தா ஜன்னல் பக்கம், மாப்ளே" என்ற குரலில் முப்பது வருஷ அனுபவம் இருந்தது. அறையே சிரித்தது. சாவியை நீட்டினேன்.

இப்போது சாயங்காலத்தில் ஆணி காலி. டீக்கடைக்கு அவர் ஓட்டுகிறார், நான் பின்சீட்டில். விலையுயர்ந்த அந்தக் கண்ணாடி, கடையில் பேப்பர் படிக்க மட்டும். அதைச் சுமந்து வருவது என் வேலை, சாவி இருந்த அதே பையில்.