உள்ளே மடித்த பெருவிரல்

செதுக்கி அச்சடிக்கிற லினோத் துண்டை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். என் படத்துக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டு. வெள்ளவத்தையில் புடைவைக் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறையும், கையால் சுற்றும் அச்சு இயந்திரம் ஒன்றும் உண்டு. கீழே கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள், ஓய்வு நாளில் மேலே வந்து என்னோடு செதுக்குவாள்.

நான் களனிப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள். எதிர்ப்பைக் காட்டுகிறேன் என்று ஒரு மாதம் குந்தியிருந்து முள்கம்பியும் கடலும் செதுக்கினேன், ஐந்து நிறத்தில். கண்காட்சிக்கு வந்தவர்கள் "நல்ல வடிவு" என்று சொல்லி, பழரசம் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் ஒரே பின்னேரத்தில் ஒரு கையைச் செதுக்கினாள். பெருவிரலை உள்ளே மடித்துப் பொத்திய கை. அவளுடைய அம்மாவின் கை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருக்கும் வரிசை வீடுகளை விட்டுப் போகச் சம்மதம் என்று சிங்களத்தில் எழுதிய தாளோடும் மைப்பெட்டியோடும் அதிகாரிகள் வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் வாசிக்கத் தெரியாத தாள்களுக்கெல்லாம் பெருவிரல் அடையாளம் கொடுத்த அம்மா, அன்று விரலை மடித்துக்கொண்டாராம்.

அந்தப் படத்தை அச்சடித்து வரிசை முழுக்கக் கதவுகளில் ஒட்டினார்கள். அதிகாரிகள் மறுபடி வந்தபோது ஒருவரும் விரல் நீட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. வெட்டு கோணல், மை திட்டுத்திட்டாய் இருக்கிறது, கீழே கையெழுத்துக்கூட இல்லை என்று எனக்குள் பிழை பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

அடுத்த கிழமை, அவள் கடைக்கே வராமல் லீவில் நின்ற நாளில், படம் அச்சடித்த இடத்தைத் தேடி இரண்டு அதிகாரிகள் படியேறி வந்தார்கள். ஒருவர் கையில் கதவிலிருந்து உரித்த படம்.

"மேக்க ஹெதுவே கவுத?"

இதைச் செய்தது யார் என்று கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது. "மம தமய்." நானேதான் என்றேன். பயமே வரவில்லை. அந்தப் படம் ஒரு நிமிடமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்ற ஆசை மட்டும்தான்.

அவர் கொடியில் காய்ந்த என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையிலிருந்ததையும் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில் மரியாதையாகவே சொன்னார்.

"மிஸ்ஸுடைய படம் எல்லாம் வடிவு. இது மிஸ் செய்தது இல்ல."

வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்கள். என்னைச் சந்தேகப்படக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

நான் பழியை ஏற்ற கதையை, கீழே கடை வாசலில் தைக்கிற தையல்காரர் காதில் விழுந்தபடி அவளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவா அப்படிச் சொன்ன?"

"ஓம்" என்றேன்.

அவள் பையிலிருந்து கை செதுக்கிய அந்த லினோத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஒனக்குத்தான்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.