சிவக்காத ஸ்லைடு

சூடேறும் சிவப்புச் சாயத்திலிருந்து பீனால் நெடி கிளம்பினால் இன்றும் என் பற்கள் தாமாக நறநறக்கின்றன. போன மாதம், நெய்வேலி டவுன்ஷிப் வாசலுக்கு வெளியே ஒரு சிறிய லேபில் ஸ்லைடின் அடியில் சுடரைக் காட்டியபோதும் அப்படித்தான். லேபுகளில் சாயம் தரமாக இருக்கிறதா என்று சோதிப்பது இப்போது என் வேலை. எதிரே நின்ற முதலாளி, ஒரு காலத்தில் எனக்குச் சீஃப் டெக்னீஷியன்.

அன்று சுரங்க ஆஸ்பத்திரி லேபில் அவர் பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். புதுச் சாயம் வந்தால், காசநோய்க் கிருமி உண்டென்று முன்பே தெரிந்த ஒரு ஸ்லைடில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். நீலத்துக்கு நடுவே கிருமிகள் சிவப்புக் குச்சிகளாக எழுந்தால்தான் அந்தப் பாட்டிலைத் தொடலாம். அவரோ புதியதைப் பழைய மிச்சத்தின் தலையில் கொட்டிக் குலுக்குவார். "செவப்பாத்தானம்மா இருக்கு? அப்புறம் என்ன டெஸ்ட்டு, பொண்ணா பாக்கப் போறோம்?" சோதித்ததாகக் கையெழுத்து மட்டும் விழும்.

அந்தச் சாயத்தில்தான் முத்தாண்டிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சளியைப் பார்த்தேன். நீலம், வெறும் நீலம். கிருமி இல்லை என்று எழுதினேன். இரண்டே மாதம், ஷிஃப்ட் நடுவே ரத்தமாய் இருமி விழுந்தார். பிழைக்கவில்லை. விசாரணையில் சீஃப் என் பக்கம் திரும்பவேயில்லை. "சாயம் நான் பாத்ததுங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கண்ணு சரியில்ல." அன்று மாலையே, கிருமி உள்ள ஸ்லைடில் அதே சாயத்தைப் போட்டேன். சிவக்கவில்லை. ஓடிப்போய் நீட்டினேன். ஏறிட்டும் பாராமல், கிருமியைக் கொல்லும் லைசால் வாளிக்குள் போட்டார். அதோடு என் வேலையும் முழுகியது. எத்தனை வருஷம் கனவில் அந்த வாளிக்குள் கைவிட்டுத் துழாவியிருப்பேன்!

இப்போது அவர் மேசைப் பாட்டிலில் பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி. மனிதர் மாறவில்லை. எனக்குள் ஒரு குலவை. நான் கொண்டுபோன கிருமி ஸ்லைடுகள் இரண்டு. ஒன்றில் அவர் சாயம், மற்றதில் என் சாயம். ஆவி எழுப்பி, அமிலத்தில் கழுவி, நீலம் பூசி, மைக்ராஸ்கோப்பில் அவரையே பார்க்கச் சொன்னேன். என்னுடையதில் கொத்துக் கொத்தாய்ச் சிவப்பு. அவருடையதில் நீலம், வெறும் நீலம். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"இத எழுதிட்டீங்கன்னா லேப மூடணுங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா."

இரக்கம் வரட்டுமே என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரரின் இருமல்தான் வந்தது. பேனாவை அழுத்தி எழுதினேன்: தேறவில்லை.

அறை முழுக்க அதே நெடி. நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டார். "உங்கள எங்கயோ பாத்தாப்புல இருக்கும்மா?"

"கண்ணு சரியில்லன்னு அனுப்புனீங்களே சார், அந்தப் பொண்ணு. உங்க சாயத்துல, உங்க கண்ணுக்காவது எதுனா தெரிஞ்சுதா?"