ஷேலோவின் சலூனில் பஸ்ஸூன்

வலென்சியா பக்கத்து ஆரஞ்சுத் தோட்ட ஊர்களில் ஒரு பேண்டு இருந்தால் போதாது, இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் யாரோடு சண்டை போடுவது? இந்த ஊரிலும் பழைய பேண்டு, புது பேண்டு என்று இரண்டு. ஷேலோ பழைய பேண்டுக்காரி. பகலில் பெண்களுக்கு முடி வெட்டும் சலூன், சாயங்காலம் பஸ்ஸூன். அது நெஞ்சுயர மரக் குழல், ஊதுவதற்கு நம் நாயனத்துக்கு வைப்பது போல ஒரு சீவாளி. ஓபோவும் சீவாளி வாத்தியம்தான், ஆனால் சின்னது, குரலும் மெல்லிசு. இருபது வருஷமாகப் பழைய பேண்டில் பஸ்ஸூனுக்கு இவள் ஒருத்தி. ஓபோவுக்கு ஆளே கிடையாது.

ஊரில் எல்லாருக்கும் சாக்ஸபோன்தான் வேண்டும். கேட்காமல் என்ன செய்வார்கள்? ஊர்வலத்தில் மற்றவர்கள் வாசித்துக்கொண்டே நடப்பார்கள். ஓபோ, பஸ்ஸூன் ஆட்களுக்கு மட்டும் கொடியையோ பித்தளைத் தாளத்தையோ கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியில் அதுகளின் சத்தம் எடுபடாது, சீவாளியும் காற்றில் காய்ந்துபோகும் என்பார்கள். பாதி ஊர் ஷேலோவைத் தாளக்காரி என்றே நினைத்திருந்தது.

போன டிசம்பரில் பேண்டுத் தலைவர் சீமோ சலூனுக்கே வந்துவிட்டார்.

"அலமாரியில ஒரு ஓபோ, ஒரு பஸ்ஸூன் சும்மா கிடக்கு. புது பேண்டுக்காரங்க போட்டிக்குக் கூடுதலா வேணும்னு கேக்குறாங்க."

"அவங்களுக்கா? மொதல்ல என் தலைய மொட்டையடிச்சிட்டு அப்புறம் குடுங்க."

"அப்ப அடுத்த செசீலியா திருநாளுக்குள்ள வாசிக்க ரெண்டு ஆளக் காட்டு. இல்லேன்னா குடுத்துருவேன்."

செசீலியா வாத்தியக்காரர்களின் புனிதர், திருநாள் நவம்பரில். பதினோரு மாசம் இருந்தது. அலமாரியில் கிடந்த இரண்டையும் ஷேலோ சலூனுக்கே தூக்கி வந்தாள். அன்றிலிருந்து சலூனுக்குப் போன யாருக்கும் நிம்மதி இல்லை. தலையில் சாயத்தைப் பூசி, எழுந்து ஓட முடியாதபடி உட்கார்த்திவிட்டு, எதிரே நின்று வாசிப்பாள். சீப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பைத் தண்ணீரில் சீவாளிகள் ஊறிக்கொண்டிருக்கும். மருந்துக்கடை லூர்தெஸ் மூன்றாவது தடவையே வலையில் விழுந்தாள். "அந்தச் சின்னத எடுடி, ஒரு ஊது ஊதிப் பாக்குறேன்" என்று ஈரத் தலையோடு ஓபோவை வாங்கி ஊதினாள். வாத்து கத்துகிற மாதிரி வந்தது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பஸ்ஸூனுக்கு ஆள் தானே வந்தது. கேஸ் சிலிண்டர் சுமக்கிற பத்தீஸ்துக்கு ஐம்பது வயசு. சலூனில் சிலிண்டர் மாற்றிய பிறகும் வாசலிலேயே நின்றார்.

"என்னய்யா நிக்கிற?"

"அடிவயித்துலேர்ந்து வருதே ஒரு சத்தம், அது எப்படி வருது?"

அவ்வளவுதான். தினம் மதியம் கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்தீஸ்த் மூன்று சீவாளிகளைக் கடித்தே உடைத்தார். ஷேலோ கன்னாபின்னாவென்று திட்டினாள், மறுநாள் புதிது செதுக்கி வைத்தாள். அக்டோபரில் மனுஷன் ஒரு மெட்டை முழுசாக வாசித்து முடித்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

திருநாள் வந்தது. புதிதாகச் சேருகிறவரை அன்றைக்கு பேண்டே வீட்டுக்குப் போய், வாசித்து, அழைத்து வரும். பத்தீஸ்த் வீட்டு வாசலில் அறுபது பேர் நின்று முழக்கினார்கள். கதவு திறந்தது. தோல்வாரில் பஸ்ஸூனை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். சீமோ சிரித்தபடி கொடியை நீட்டினார்.

"அத உள்ள வச்சிட்டு வாய்யா. இதப் பிடி."

"எதுக்கு?"

"பஸ்ஸூன்காரங்க தெருவுல வாசிக்கிறதில்ல. ஷேலோ சொல்லலையா?"

சொல்லவில்லைதான். சொன்னால் ஓடிவிடுவார் என்று இத்தனை மாசமும் வாயைத் திறக்கவில்லை. கையில் தாளத்தோடு நின்றவளுக்கு முகம் செத்துப்போனது.

"நீ தாளத்த ஆசைக்குப் போடுறேன்னுல்ல நெனச்சேன்" என்றார் பத்தீஸ்த் அவளைப் பார்த்து. பிறகு சீமோவிடம் திரும்பினார். "முப்பது வருஷமா இந்த ஊருக்கு மாடி மாடியா சுமந்துட்டேன். இன்னிக்கு வாசிக்க வந்திருக்கேன். கொடிதான் பிடிக்கணும்னா, இந்தப் பஸ்ஸூனப் புது பேண்டுக்கே குடுத்துருங்க."

ஷேலோவுக்கு இருபது வருஷக் கோபம் அப்போதுதான் வந்தது. வேறு யார்மேல்? தன்மேல்தான். ஒரு தடவைகூட அவள் ஏன் என்று கேட்டதில்லை. தாளம் இரண்டையும் சீமோவின் கையில் திணித்தாள்.

"நீங்க போடுங்க. நான் இதோ வர்றேன்."

சலூனுக்கு ஓடி, பஸ்ஸூனோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அடுத்து லூர்தெஸ் வீடு. பேண்டுக்கு முன்னால் செய்தி அங்கே போய்விட்டது. அவள் ஓபோவை ஊதிக்கொண்டேதான் படியிறங்கினாள். மூன்று பேரும் முன்வரிசையில் நடந்தார்கள். சீமோ பின்னால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார், அதுவும் தப்புத் தப்பாக.

டிரம்பெட் போட்ட போட்டில் பஸ்ஸூன் சத்தம் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஊரே பார்த்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சலூன் திறக்குமுன் வாசலில் நாலு பேர். முடி வெட்ட ஒருத்தரும் வரவில்லை. ஷேலோ சீமோவுக்குப் போன் போட்டாள்.

"நாலு பேர் கத்துக்கணும்னு நிக்கிறாங்க. அலமாரி காலி."

"அதுக்கு நான் எங்க போறது?"

"போட்டிக்குன்னு வாங்குன ரெண்டு பஸ்ஸூன் புது பேண்டுல சும்மா கிடக்குதாம். போய்க் கேளுங்க."

சீமோ போனை வைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு புது பேண்டுக்காரர்களைத் தேடிப் போனார்.