சுத்தியல் கேளாத தட்டு

எங்கள் லொறியின் பின்னச்சு உடைந்ததற்கு நெடுந்தீவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் குற்றவாளி அம்மாதான். பொம்பிளை லொறி ஓடினால் அச்சு உடையாமல் என்ன செய்யும் என்பது அவற்றுள் மிகவும் மரியாதையான காரணம். அம்மா அந்தச் சின்ன லொறியில் தண்ணீர்த் தாங்கியை ஏற்றி, கிணறு உவர்த்துப்போன வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தா. காரணம் சொன்னவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

வெளிநாட்டிலிருந்த அப்பாவுக்கு அச்சு உடைந்தது நல்ல சகுனமாகப் பட்டது. லொறியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் வாடகை வீடெடுத்து இருக்கும்படி தொலைபேசியில் சொன்னார். அப்பாவின் தமையனான பெரியப்பா அதற்குள் இரும்பு வியாபாரியோடு பேசி முடித்துவிட்டார். அடுத்த கிழமை வியாபாரியின் வள்ளம் வரும், லொறி போகும், பின்னால் நாங்களும் போவோம். இதுதான் திட்டம். அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அம்மாவும் யாரையும் கேட்கவில்லை. புங்குடுதீவில் செத்துக்கிடந்த வேறொரு லொறியின் பின்னச்சைக் கழற்றுவித்து, சாமான் வள்ளத்தில் இறக்கிவிட்டா. அயலவர்கள் தூக்கிக் கொடுக்க அச்சு நன்றாகத்தான் உட்கார்ந்தது. பிரச்சினை சாப்ற்றில் வந்தது. கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக் குழாய்தான் சாப்ற். அதன் முனையிலிருக்கும் தட்டும் அச்சின் மூக்கிலிருக்கும் தட்டும் முகத்தோடு முகம் வைத்து நான்கு போல்ட்டில் பூட்டவேண்டும். எங்கள் சாப்ற்றின் தட்டு சிறிது, வந்த அச்சின் தட்டு பெரிது. ஓட்டைக்கு நேரே ஓட்டை இல்லை. ஒரு பக்கம் எங்கள் சாப்ற்றுக்கும் மறுபக்கம் புது அச்சுக்கும் பொருந்துகிற ஒரு முனைத்தட்டு வேண்டியிருந்தது.

பெரியப்பா பெருந்தன்மையோடு முன்வந்தார். காட்போட் மட்டையொன்றில் அச்சின் தட்டை வைத்துப் பென்சிலால் கீறி, ஓட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டு பட்டணம் போனார். படகில் முன்வரிசையில்தான் இருப்பார். கடல் மட்டையை நன்றாக நனைத்தது. கரையேறியதும் அவர் அதையே வெயிலுக்குத் தலையில் பிடித்துக் காயவைத்தார். நெளிந்து சுருங்கிய அந்த மட்டைக்கு அளவாக அவர் வாங்கிவந்த தட்டு எதிலும் பொருந்தவில்லை.

"கடவுளே வேண்டாமெண்டு சொல்லுறார். நீர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்?" என்றார்.

"கடவுள் சொல்லேல்லை அண்ணை, நனைஞ்ச மட்டைதான் சொல்லுது. நான் சாப்ற்றையே கொண்டு போறன்" என்றா அம்மா.

மறுநாள் நான் புத்தகங்களை வீட்டில் கொட்டிவிட்டு, அச்சிலிருந்து கழற்றிய தட்டைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் போனேன். அன்று பாடம் தவறியதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

படகுக்காரர் சாப்ற்றைக் கண்டு கையை விரித்தார். "அக்கா, இதென்ன பீரங்கியோ? ஏத்த ஏலாது. ஆக்கள் இருக்கிற படகு."

"இதையும் ஓராளெண்டு நினையும் தம்பி. எழும்பி நிக்காது, வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்காது."

சனம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது எவருக்கும் கடினம். இருக்கைகளுக்குக் கீழே சாப்ற்றைக் கிடத்தினோம். அக்கரையில் குறிகட்டுவான் துறை வரைக்கும் அது உருளாமல் சனங்களின் கால்கள் பார்த்துக்கொண்டன.

பட்டணத்துப் பழைய சாமான் கடைக்காரர் எங்கள் இரண்டு தட்டுகளையும் பார்த்துவிட்டு ஒரு சுலப வழி சொன்னார். "ஓட்டையளைக் கொஞ்சம் பெருப்பிச்சு, சுத்தியலாலை நாலு தட்டுத் தட்டினா பூட்டலாம் அக்கா. எல்லாரும் அப்பிடித்தான்."

"தட்டிப் பூட்டுறதெண்டால் நான் ஊரிலையே தட்டியிருப்பன். கடல் தாண்டி ஏன் வாறன்? கையாலை வைக்க இருக்கோணும். சுத்தியல் கேட்டால் அது எங்கடை சாமான் இல்லை."

"அப்பிடியொண்டை இந்தக் குவியலுக்குள்ளை தேடினா விடிஞ்சிடும்!"

"விடியட்டும்" என்றேன் நான். பெரியவர்கள் பேச்சில் வாய் வைத்தால் அம்மா காதை முறுக்குவா. அன்று முறுக்கவில்லை.

குவியலுக்குள் இறங்கினோம். நான் அச்சின் தட்டைப் பிடித்திருக்க, அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைத்தா. ஒன்று ஆடியது. ஒன்றில் மூன்று ஓட்டைகள் நேர், நாலாவது கோணல். நாலாவதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாமே என்று கடைக்காரர் கதிரையிலிருந்தபடி அபிப்பிராயம் சொன்னார். கைகளெல்லாம் கிறீஸாகி, எனக்குப் பசி பொறுக்காமல் போன நேரத்தில், ஒரு துருப்பிடித்த தட்டு வைத்தவுடனேயே பள்ளத்துக்குள் குந்திக்கொண்டது. நான் இரண்டையும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். நான்கு ஓட்டைகளாலும் வெளிச்சம் விழுந்தது. மறுபக்கம் எங்கள் சாப்ற்றின் முனையும் அதற்குள் கையாலேயே போயிற்று. நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் எழும்பியே விட்டார்.

இரும்பு வியாபாரியின் வள்ளம் வந்த நாளில் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு லொறியை இறங்குதுறைக்கே ஓட்டினா. வியாபாரியின் ஆட்களோடு பெரியப்பா கயிறும் கையுமாக நின்றார். அவர்களுக்கு முன்னால் ஒரு வட்டமடித்து நிறுத்தி, அம்மா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினா.

"அண்ணை, ஏத்தி இறக்க ஏதும் கிடக்கோ? லொறி சும்மாதான் நிக்குது."

பெரியப்பா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது என் மடியிலிருந்த தொலைபேசி அடித்தது. "அம்மா, அப்பா எடுக்கிறார்!"

"கேக்கேல்லை" என்றா அம்மா, ரோட்டைப் பார்த்தபடி.

நான் இன்னும் உரத்துக் கத்தினேன்.

"கேக்கேல்லையெண்டு சொல்லுறன்!"

பாவம், என்ஜின் சத்தம் காதை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நானே எடுத்து, தட்டு அச்சொட்டாகப் பொருந்தியதையும், லொறி துளியும் அதிராமல் ஓடுவதையும், இந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காததையும் ஒரே மூச்சில் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். நான் முடித்ததும் அவர் வைத்துவிட்டார்.

அவருக்கும் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.