மூலை வீட்டு இருமல்

கதவு திறந்ததும் அவர் ஆளைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்க்கிறார். பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தி, பிறகு அந்தக் கையை முகர்ந்தும் பார்க்கிறார். வீடு விலை பேச வந்த தரகர் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பெயர் குடும்பநலப் பணியாளர். குடியிருப்பு கொடுத்த பெயர் சுவரக்கா. அரசாங்கப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது.

அழுகிறவர்களைத் தேற்றும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. "அழுது முடிங்க, நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அழுகிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். பையில் தனக்கு மட்டுமாக ஒரு பிஸ்கட் பொட்டலம் வைத்திருப்பார். "யாருக்கும் தர மாட்டேன். எனக்குப் பசி வந்தா உங்க மேலதான் எரிஞ்சு விழுவேன், பரவாயில்லையா?" பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவருக்கு வேறு கவலை. "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா மண்டபத்துச் சுவத்தத் தடவிட்டு நிக்கிறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைப் பார்க்குறாங்க."

இந்தப் பித்து பிறவியிலேயே வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் மூன்றாம் மாடி மூலை வீட்டிலிருந்து ஒரு குழந்தை இருமலும் மூச்சிளைப்புமாக ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதி ஆஸ்பத்திரியிலிருந்து கோப்பை அவரிடம் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. வீட்டுவசதி அலுவலகத்தில் ஏறாத படியெல்லாம் ஏறி அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு வாங்கிக் கொடுத்தார். குழந்தை தேறியது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். கோப்பை மூடினார்கள்.

காலியான வீடு காலியாகவா இருக்கும்? வரிசையில் அடுத்து நின்றவருக்குப் போனது. அவர் ஒரு தையல்காரம்மா. கையில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கும் இளைப்பு வந்தது, அதே கதவிலிருந்து, அதே 'தாயின் கவனக்குறைவு' என்ற வரியோடு. அன்று சுவரக்கா வீட்டில் சாப்பிடவில்லை. "நான் புள்ளையக் காப்பாத்தலைங்க. ஒரு புள்ளைய எழுப்பிட்டு இன்னொரு புள்ளையப் படுக்க வச்சிருக்கேன்" என்றார் கணவரிடம். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது சின்ன வயதிலிருந்தே கேட்ட பழமொழிதான். கேட்டவர் எல்லாரையும்போல அவரும் அடுப்பை விட்டுவிட்டுப் பானைக்கு விசிறிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாகச் சுவரைத் தடவத் தொடங்கினார். எல்லா மாடியிலும் மூலை வீடுகள்தான் நனைந்திருந்தன. பின்னால் கழிவுநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாயும் அந்த அசிங்கம் தன் வீட்டில் மட்டும்தான், தன் சோம்பலால்தான் என்று நம்பி, பீரோவை நகர்த்தி மறைத்து வைத்திருந்தாள். சுவரக்கா அவர்களிடம் சம்மதம் கேட்டு, ஒருத்தியை இன்னொருத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார். "அவங்க பீரோவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க." பார்த்த பெண்கள் முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு சிரித்தார்கள், அப்புறம் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு வேண்டியிருந்தது. தன் சுவரில் ஈரமே இல்லாத, தையல்காரம்மாவின் எதிர் வீட்டுக்காரியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

"உங்க வேலை குடும்பம். குழாய் வேற இலாகா" என்றார் மேலதிகாரி.

"குழாய் குடும்பத்துக்குள்ளதானே சார் ஒழுகுது?"

குழாயை மாற்றச் சொல்லி பெண்கள் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்தது. அதற்குள் தையல்காரம்மாவுக்கு உத்தரவு வந்துவிட்டது: இன்னொரு முறை குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், குழந்தை காப்பகத்துக்கு அனுப்பப்படும். சுவரக்கா மறுபடியும் படியேறி மாற்று வீடு வாங்கினார். பெண்களுக்குள் முணுமுணுப்பு. அந்த வீடுதான் வலுவான சாட்சி, அவள் போய்விட்டால் வெள்ளையடித்து அடுத்த ஆளைக் குடிவைத்துவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தையல்காரம்மாவே தயங்கினார்.

"நான் போயிட்டா இவங்க கதி என்னக்கா?"

"உங்க புள்ள எங்களுக்குச் சாட்சியா இருக்க வேணாம். அது மூச்சு விடட்டும். மூட்டையக் கட்டுங்க."

நேற்றுக் காலை தையல் இயந்திரம் படியிறங்கியது. போகும்போது அந்த அம்மாள் சாவியை சுவரக்காவிடம் கொடுத்தார். அதை அலுவலகத்தில் ஒப்படைப்பது பணியாளரின் கடமை. ஒப்படைக்கப் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுவசதி அதிகாரியே மாடியேறி வந்தார், பின்னால் புதுக் குடும்பத்தோடு. அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சுவரக்கா அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பீரோ இருந்த இடத்தைக் காட்டினார். அவள் கண் கலங்கிவிட்டது. "வேற எங்கம்மா போவேன்?"

"எங்க வீட்டுல இருங்க" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "ஒரு அறைதான். குழாயை மாத்துற வரைக்கும் நெருக்கிப் படுத்துக்கலாம். புள்ளை படுக்க என்ன பெரிய இடம் வேணும்?" கீழ்மாடிப் பெண்கள் ஒவ்வொருவராகப் படியில் வந்து நின்றார்கள்.

அதிகாரி கையை நீட்டினார். "சாவியக் குடுங்கம்மா. இது உங்க வேலைக்கே உலை வச்சிரும்."

"தெரியும் சார். குழாய மாத்துற வரைக்கும் இந்த வீடு பூட்டியே இருக்கட்டும்." சொன்னவருக்குப் பயம்தான், பயமில்லாமல் என்ன?

அதிகாரி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சுவரக்கா சாவியை எதிர் வீட்டுக்காரியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.