என் பிள்ளைக்குக் குடிகாரர் பேரா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், மீன்சுருட்டியில் என் அப்பா வீட்டில்தான் எனக்குத் தலைப்பிரசவம். ஆண்பிள்ளை என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பேரை நினைத்துக் கவலை. மூத்த பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவர் பேரைத்தான் வைப்பார்கள். என் மாமனாரோ உடையார்பாளையம் கள்ளுக்கடையில், பானைக்கு அடுத்தபடி நிரந்தரமாக இருந்தவர்.

அவருடைய அப்பா குடித்தே போனவர். தம்பி பனைமரத்தடியிலேயே குடும்பம் நடத்தியவர். என் வீட்டுக்காரர் மட்டும் எப்படியோ தப்பியிருந்தார். அவருக்கு அந்த வாசனை பட்டாலே குமட்டும். ஆனாலும் ரத்தம் ஒரு தலைமுறை தாண்டிக் குதிக்குமே! இதில் பேரை வேறு வைத்து அதற்கு வழி காட்ட வேண்டுமா?

மூன்றாம் நாள் மாமனார் பிள்ளை பார்க்க வந்தார், காலையிலேயே கள் வாசனையோடு.

"பேரனுக்கு எம் பேருதானே?"

"இல்லீங்க மாமா, எங்கப்பா பேருதான். அவரு அத விரலால கூடத் தொட்டதில்ல. எங்க வம்சத்துலயே கெடையாது."

மாமனாருக்குக் கோபம் வரவில்லை. என் அப்பாவைப் பார்த்து, "அப்படிங்களா சம்மந்தி?" என்று சிரித்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். என்ன அடக்கம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் மருத்துவச்சி, ஜன்னி வராமலிருக்க மருந்து கொண்டுவந்தாள். சாராயத்தில் மிளகும் ஏதோ வேரும் ஊறப்போட்டது, அரை டம்ளர்.

"மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு தாயி. கொமட்டும்."

குமட்டவே இல்லை. தொண்டையில் எரிந்து, வயிற்றில் இறங்கி, அப்புறம் உடம்பெல்லாம் ஒரு இதம் பரவியது. வலி, மாமனார், பேர் எல்லாம் எங்கேயோ போய்த் தொலைந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுகமாக நான் அதுவரை இருந்ததில்லை. டம்ளரைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டி நக்கினேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"அடி ஆத்தாடி! இதக் குடிச்சவளுங்க எல்லாம் வாந்தி எடுப்பாளுங்க, இல்ல என்னைத் திட்டுவாளுங்க. கேட்டு வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்!"

வாசலில் நின்ற அப்பா இதைக் கேட்டுவிட்டார். அவள் போனதும் உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இருவது வயசுல, ஒரே ஒரு தடவ. எங்கப்பா, உங்க தாத்தா, நாங்க சொல்லி வச்ச மாதிரி வயித்துவலில போகல தாயி, குடிச்சேதான் போனாரு. அந்த மாதிரி ஆயிருவேன்னு பயந்துதான் நான் அப்புறம் தொடல. இன்னிக்கும் சாராயக் கடையத் தாண்டிப் போனா நாக்கு ஊறுது."

வம்சம், வம்சம் என்று வாய் கிழியப் பேசியவள் நான். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. பேர் விஷயத்தில் அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

பிள்ளை பசித்து அழ ஆரம்பித்தான். "பால் குடு தாயி" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். மாமனாரின் பேருக்குப் பயந்தவள், என் பாலை அவனுக்குக் கொடுக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.